பேஸ் வாத்தியத்துக்கு ஒரு மாட்டெலும்பு

ஒரு வேலையின் நடைமுறை முழுவதையும் மனப்பாடமாக அறிந்தவனிடம் அந்த வேலையை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. அரசாங்க அலுவலகத்தில் காலமெல்லாம் நடைமுறைகளைக் கட்டிக்காத்து, மாலை போட்டு வழியனுப்பப்பட்டவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். நடைமுறை தெரிந்தவனுக்கு ஒவ்வொரு படியும் எதற்காக இருக்கிறது என்று தெரியும். அதனாலேயே, எந்தப் படியைத் தாண்டிப் போனால் பரவாயில்லை என்பதும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வான். ஒன்றும் தெரியாதவன் பயந்துகொண்டு எல்லாப் படியிலும் கால் வைப்பான். அவன் வேலை உருப்படும்.

இந்த ஞானம் எனக்கு ஒரு மாட்டெலும்பின் மூலம் கிடைத்தது.

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. கோலசிலாங்கூரில், புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருந்தோம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. வாசலில் போலீஸ் காவல். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. அப்பா மண்டோர், அதாவது கங்காணி; தோட்டத்தில் பாதிப் பேர் அவர் குரலுக்குத்தான் எழுந்திருப்பார்கள். நான் பள்ளி இறுதிப் பரீட்சையான சீனியர் கேம்பிரிட்ஜ் தேறி, தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாக உட்கார்ந்திருந்தேன். (கிராணி என்றால் குமாஸ்தாதான். ஆனால் நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள், துரையே என்னிடம் அனுமதி கேட்டுத்தான் தேநீர் குடிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.)

அக்கா மேரி பிள்ளைக் கொட்டகையில் ஆயா. தாய்மார்கள் விடியும் முன்பே ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போய்விடுவார்கள். அவர்கள் விட்டுச்செல்லும் குழந்தைகளை வரிசையாக ஏணைகளில் போட்டு, அக்கா பாடித் தூங்கவைப்பாள். அவள் குரல் கனமான குரல். தேவாலயப் பாடகர் குழுவில் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசை புள்ள, சத்தம் வேணாம்" என்று சொல்லியிருந்தார்கள். பெண் குரல் என்றால் மேலே பறக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். அக்காவின் குரல் தரையிலேயே நடக்கும். ஆனால் அது நடக்கிற நடையைக் கேட்டால், பறக்கிற குரல்கள் எல்லாம் எதற்காக இப்படி அவசரப்படுகின்றன என்று தோன்றும்.

கோலாலம்பூர் வானொலிக்குப் பாடகர் தேடி ஒருவர் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார். முதல் முறை வந்தபோது அக்கா போனாள். அங்கே ஆர்மோனியம் வாசித்தவர், பெண்கள் என்றால் ஐந்து கட்டைதான் என்று ஒரே பிடியாக உட்கார்ந்துவிட்டார். மேல் ஸ்தாயியில் அக்காவின் குரல் துணி கிழிகிற மாதிரி கிழிந்தது. "அடுத்த தடவை பார்க்கலாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த அடுத்த தடவையும் வந்தது. துரையின் விருந்தாளியாக அந்த வானொலிக்காரர் எங்கள் தோட்டத்துக்கே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காவல் வண்டியோடு வருவதாகச் செய்தி. அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"இந்தத் தடவை எடுத்தாங்கன்னா, நானே லோரியில கொண்டுபோயி கோலாலம்பூர்ல விடறேன். எடுக்கலேன்னா பாட்டுப் பேச்சே இந்த வூட்டுல கூடாது. ஊரே சிரிக்குதுலா."

அக்கா தட்டை எடுத்துக் கழுவினாள். ஆனால் அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நான் உதவ முன்வந்தேன். (இந்த வாக்கியத்தை என் பேரப்பிள்ளைகள் படிக்கும்போது இந்த இடத்தில் நிறுத்திச் சிரிப்பார்கள்.)

எங்கள் வாத்தியக் கோஷ்டியில் இரண்டே பேர். ஆர்மோனியம் நான். பேஸ் வாத்தியம், லோரி ஓட்டும் சூசண்ணன். இந்த பேஸ், வயலினுக்குப் பெரியப்பா மாதிரி. ஆள் உயரம், நான்கு தடித்த கம்பிகள், நிறுத்தி வைத்து விரலால் சுண்டி வாசிக்க வேண்டும். டவுனில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் வேண்டாமென்று ஒதுக்கியதை, சூசண்ணன் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதை வாசிக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இடது கையால் கம்பிகளை அழுத்தினால்தான் வேறு வேறு சுரம் வரும். ஆனால் அவருடைய இடது கைக்கு, வாத்தியம் கீழே விழாமல் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலையே சரியாக இருந்தது. ஆகவே நான்கு கம்பி, நான்கு சுரம். அதற்குள்ளேயே அவர் போடுகிற தாளம் கல்யாண வீட்டில் கிழவிகளை எழுப்பி ஆடவிடும்.

அக்காவுக்கு மூன்று கட்டைதான் சௌகரியம். ஆர்மோனியத்தை இறக்க எனக்கு ஒரு விநாடி. பேஸை என்ன செய்வது? அழுத்தி வாசிக்கத் தெரியாதவர் கம்பிகளையே தளர்த்தித்தான் சுருதியை இறக்க வேண்டும். தளர்த்தினோம். கம்பிகள் தொளதொளத்து, சுண்டும்போதெல்லாம் கழுத்துப் பலகையில் அடித்துக்கொண்டு, தகரக் கூரைமேல் கோழி நடப்பதுபோல் சத்தம் போட்டன.

"என்னா கிராணி, வண்டி என்ஜின் தட்டுற மாதிரி இருக்கு?" என்றார் சூசண்ணன்.

நான் புன்னகை செய்தேன். நான் படித்த மிஷன் பள்ளியில் கம்பி வாத்தியங்களைப் பழுதுபார்ப்பது பற்றி ஒரு புத்தகம் இருந்தது. மழைக்காலம் முழுவதும் வேறு வேலையில்லாமல் அதை நான்கு முறை படித்திருந்தேன். கழுத்தின் உச்சியில், கம்பிகள் தலைவைத்துப் படுக்கும் சின்னக் கட்டைக்கு நட் என்று பெயர். அதில் கம்பிக்கு ஒன்றாகப் பள்ளங்கள் இருக்கும். கம்பியைத் தளர்த்தினால் அது அகலமாக ஆடும்; ஆகவே நட்டை உயரமாக்கினால் பலகையில் இடிக்காது. சரியான தீர்வு. இன்றும் அது சரியான தீர்வுதான். தீர்வின்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

"கருங்காலி அல்லது எலும்பு" என்று சொல்லியிருந்தது புத்தகம். கருங்காலிக்கு எங்கே போவது? எலும்புக்கு டவுனில் காதர் பாய் கடை இருந்தது. காதர் பாய் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்து பரோட்டாக் கடை போட்டவர்.

"பாய், மாட்டு முன்னங்கால் எலும்பு ஒண்ணு வேணும். நேரா இருக்கணும். தடிமனா இருக்கணும்."

"சூப்புக்கா தம்பி?"

"இல்ல பாய், வாத்தியத்துக்கு."

அவர் சமையல்காரரிடம் திரும்பி, "மண்டோர் மவன் நல்லாத்தான் படிச்சிக்கிட்டு இருந்தான்" என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு, நல்ல எலும்பாகவே பொறுக்கி, பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

தோட்டத்து வாசலில் மலாய்க்கார கோர்ப்பரல் ஒருவர் காவல். கண்ணியமான மனிதர்; விதி என்றால் விதி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்று அப்போது கடுமையான கட்டுப்பாடு. அரிசி அளந்துதான் வரும். டின்னில் அடைத்த உணவு எதுவாக இருந்தாலும், பதுக்கிவைக்க முடியாதபடி அங்கேயே துளை போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அதற்காகவே வாசலில் ஓர் ஆணியும் சுத்தியலும் கயிற்றில் தொங்கும்.

கோர்ப்பரல் பேப்பரைப் பிரித்தார். "மக்கானான்" என்றார். உணவு என்று அர்த்தம்.

"இல்லை என்சே, இது இசைக்கருவியின் பாகம்" என்று மலாயில் விளக்கினேன் (என்சே என்றால் ஐயா). நட், சுருதி, கம்பியின் ஆட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"உள்ளே மூளை இருக்கிறதா?"

எலும்புக்குள் இருக்கும் மூளையைத்தான் கேட்டார். என்னைப் பற்றிய கேள்வியாகவும் அதை எடுத்துக்கொண்டிருக்கலாம். இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்படியென்றால் இது மூடிய பாத்திரத்தில் இருக்கும் உணவு" என்றார் அவர். பிறகு எலும்பைக் கல்மேல் வைத்து, ஆணியை வைத்து, ஒரே அடி. துளை போட்டு மரியாதையோடு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ஒரு விதியை அவ்வளவு நேர்த்தியாகப் பொருத்திப் பார்த்த அதிகாரியை என் வேலைக்காலம் முழுவதிலும் நான் பார்க்கவில்லை.

துளை ஒரு முனையில்தான் இருந்தது. மறுமுனையில் வெட்டிக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். அடிபட்ட எலும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், மை தடவிப் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. எனக்கு அது தெரியும். (மேலே முதல் பத்தியைப் பார்க்கவும்.)

அடுத்த படி, கொழுப்புப் போகச் சோடா உப்புப் போட்டுப் பலமுறை கொதிக்கவைத்து, வாரக்கணக்கில் நிழலில் காயவைப்பது. நான் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்ததால் அம்மாவிடம் கொடுத்து, "இதை நல்லாக் கொதிக்க வைம்மா" என்று மட்டும் சொன்னேன்.

மாலையில் வந்தபோது லயமே மணத்தது. மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி வேர்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"நீதானடா கொதிக்க வைக்கச் சொன்ன? ஞாயித்துக்கெழம பாடப் போற புள்ள. தொண்டைக்கு எலும்பு சூப்புதான் நல்லது. ஒனக்கு இம்புட்டு அக்கறை இருக்கும்னு நான் நெனைக்கவே இல்லடா."

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அக்கா இரண்டாவது கிண்ணத்தில் இருந்தாள். அப்பா கூட, "பரவாயில்ல, பொறுப்பு வந்திருக்கு" என்றார். வாத்தியத்துக்காக வாங்கினேன் என்று சொல்லாமல் நானும் ஒரு கிண்ணம் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மசாலா ஏறிய அந்த எலும்பைத்தான் மறுநாள் தோட்டத்துப் பட்டறையில் அறுத்து, சிமெண்டுத் தரையில் தேய்த்து, அரத்தால் நான்கு பள்ளம் போட்டேன். வாரக்கணக்கில் காயவைக்க நாள் இல்லை; வெயிலில் ஒரு பகல் காட்டினேன். ஒட்டுவதற்கு மிருகப் பசை என்று சொல்லியிருந்தது புத்தகம். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஒட்டுவது என்றால் ரப்பர் பால்தான். தடவினேன்.

கம்பிகளை ஏற்றிச் சுண்டினோம். என்ன சொல்வது! கோழி போய்விட்டது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம், வண்டு ரீங்காரம் போல, கதவு ஜன்னல் எல்லாம் நடுங்க வந்தது. சூசண்ணன் வாயைப் பிளந்தார்.

"கிராணி, நீ மனுசனே இல்லலா!"

அக்கா மட்டும் அருகில் வந்து நட்டைக் குனிந்து பார்த்தாள். முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். "ம்" என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். தகரக் கூரை, மத்தியான வெயில் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. வானொலிக்காரர் முன்வரிசையில் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி இருந்தார். பக்கத்தில் துரை. துரையின் காலடியில் அவருடைய நாய், கன்றுக்குட்டி அளவு. அப்பா பின்சுவரில் சாய்ந்து, தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாசலில் கோர்ப்பரல்.

பாட்டு அக்கா கொட்டகையில் பாடும் தாலாட்டுதான். சொற்கள் அவளே கட்டியவை. "பால்மரம் தூங்கலையே, என் பட்டே நீ தூங்கு" என்று ஆரம்பிக்கும். மூன்று கட்டையில் அவள் குரல் எடுத்ததும், பின்னால் கசமுசவென்றிருந்த கூட்டம் அடங்கியது. வானொலிக்காரரின் கைக்குட்டை நெற்றியிலேயே நின்றுவிட்டது. சூசண்ணன் அளந்து சுண்டினார். நான் ஆர்மோனியத்தை அழுத்திக்கொண்டு, இதெல்லாம் என்னால்தான் என்ற முகத்தோடு சபையைப் பார்த்தேன்.

வெக்கையில் எலும்பு வியர்க்கத் தொடங்கியிருந்தது. முதலில் அதைக் கவனித்தது நாய்.

அது தலையைத் தூக்கியது. மூக்கை ஆட்டியது. எழுந்து, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நேராக மேடைக்கு வந்தது. பேஸைச் சுற்றி ஒரு முறை நடந்தது. பிறகு முன்னங்கால் இரண்டையும் வாத்தியத்தின் தோளில் வைத்து நிமிர்ந்து, சூசண்ணனுக்கு முகத்துக்கு முகம் நின்றது.

"கிராணி..." என்றார் சூசண்ணன் உதடு அசையாமல். "நாயைப் புடி லா."

அவருடைய இடது கை வாத்தியத்தைப் பிடித்திருந்தது. வலது கை தாளத்தில் இருந்தது. என் இரண்டு கையும் ஆர்மோனியத்தில். நான் நாயைப் பார்த்து, "ச்சூ" என்றேன், சுருதியோடு.

நாய் கழுத்தை நீட்டி நட்டைக் கவ்வி ஓர் இழுப்பு இழுத்தது.

கோர்ப்பரலின் ஆணி போட்ட விரிசல் அந்தக் கணத்துக்காகத்தான் காத்திருந்தது போலும். எலும்பு இரண்டாகப் பிளந்தது. நான்கு கம்பிகளும் ஒரே நேரத்தில் கழுத்துப் பலகையில் அறைந்தன. அத்தனை பெரிய மரப்பெட்டிக்குள் அந்தச் சத்தம் புகுந்து வெளியே வந்தபோது, அது துப்பாக்கி வெடித்த சத்தமேதான்.

அந்தக் காலத்தில் 'டமார்' என்று கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தது. துரை பெஞ்சுக்கு அடியில். வானொலிக்காரர் துரைக்கு அடியில். வெளியே துப்பாக்கிகளைத் தயார் செய்யும் சத்தம். சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிய நான் ஆர்மோனியத்துக்கு அடியில் நுழையப் பார்த்து, அது சின்ன ஆர்மோனியம் என்பதால், தலையை மட்டும் நுழைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து ஒன்று கேட்டது. பாட்டு நிற்கவில்லை.

தலையை வெளியே எடுத்துப் பார்த்தேன். அக்கா நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். குரலைக் கொஞ்சம் இறக்கியிருந்தாள். கொட்டகைக்கு வெளியே சுடும் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் வீறிடும்போது இறக்குவாளே, அப்படி. கண்ணால் தரையில் கிடந்தவர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு, இரண்டாவது சரணத்தை எடுத்தாள். நாங்கள் அத்தனை பேரும் அவளுக்கு ஏணைப் பிள்ளைகளாகிவிட்டோம். என் நெஞ்சுப் படபடப்பு அவள் குரலின் வேகத்துக்கு இறங்கிவருவதை நானே உணர்ந்தேன். யாருடைய கைக்குழந்தையோ அழத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டது.

சூசண்ணன் விழவில்லை. விழுந்தால் வாத்தியமும் விழும். கம்பி போன பேஸின் மரவயிற்றில் உள்ளங்கையால் மெதுவாகத் தட்டித் தாளம் கொடுத்தார்.

கோர்ப்பரல் துப்பாக்கியோடு பாய்ந்து உள்ளே வந்தார். அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். துப்பாக்கியைத் தாழ்த்தினார். பாட்டு முடியும்வரை அசையவில்லை.

முடிந்ததும் கேட்டது ஒரே ஒரு சத்தம், நாய் எலும்பு கடிக்கும் சத்தம். கோர்ப்பரல் மேடைக்கு வந்து, குனிந்து பார்த்து, என் பக்கம் திரும்பினார்.

"மக்கானான்" என்றார். "அன்றைக்கே சொன்னேன்."

வானொலிக்காரர் துரைக்கு அடியிலிருந்து எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு நேராக அக்காவிடம் போனார்.

"ஏம்மா, இந்தப் பாட்டுக்கு எதுக்கும்மா பக்கவாத்தியம்?"

"தம்பி ஆசைப்பட்டான் சார்" என்றாள் அக்கா.

அடுத்த மாதமே அவள் கோலாலம்பூரில் பாடினாள். அப்பா சொன்னபடி லோரியில் தானே கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து ஒரு ரேடியோப் பெட்டி வாங்கி, லயத்துக்கே கேட்கும்படி வைத்தார். பல வருடம் அக்காவின் தாலாட்டு மத்தியான நேரங்களில் இந்த நாடு முழுவதும் போனது. செரண்டாவிலிருந்து ஒருமுறை ஓர் அம்மா தேடி வந்து, "ஒங்க பாட்டைக் கேட்டுத்தான் எங்க வூட்டுக்காரர் தூங்குறாரு. ஆனா அது அவருக்கு வேலை நேரம்லா" என்று புகார் சொல்லிவிட்டுப் போனார். அக்கா வயதாகியும் மூன்று கட்டையிலிருந்து நகரவில்லை. அவளுக்குப் பிறகு கனத்த குரலோடு வந்த எத்தனையோ பெண்களை யாரும் கடைசி வரிசைக்கு அனுப்பவில்லை என்று கேள்வி.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அவளிடம் கேட்டேன்.

"அக்கா, அவ்வளவு பெரிய சத்தம். துரையே படுத்துட்டாரு. நீ மட்டும் எப்படிக் குனியாம நின்ன?"

அக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கெதுக்குடா பயம்? அது ஒன் வேலைதான்னு எனக்குத் தெரியும்லா. எப்ப ஒடையும், எப்ப ஒடையும்னு பாடிக்கிட்டே காத்திருந்தேன். பல்லவியிலயே போயிரும்னு நெனச்சேன். நீ பரவாயில்லடா, ஒரு சரணம் கூடுதலா தாங்கிட்ட."

இதை அவள் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. நான் எதையாவது பழுதுபார்க்க ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தால் போதும், யாராவது ஒருவர் பாட ஆரம்பித்துவிடுவார்கள். உடைந்த பிறகு ஆரம்பிப்பதைவிட அது சௌகரியமாம்.

போன வாரம் குளியலறைக் குழாயைத் திருகப் போனேன். சமையலறையிலிருந்து மருமகள் பாட்டை எடுத்தாள். குரல் மோசமில்லை. தண்ணீர் பீறிட்டு என் முகத்தில் அடித்தபோதும் பாட்டை நிறுத்தவில்லை; அதை மெச்சத்தான் வேண்டும். ஆனால் ஐந்து கட்டையில் பாடினாள். அக்கா கேட்டிருந்தால் கொஞ்சம் இறக்கச் சொல்லியிருப்பாள்.